வாயால் சொன்ன வாக்கு எழுத்தில் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிகளில் வேலைக்கு ஆள் எடுக்கும் வளாகத் தேர்வு தொடங்கிவிட்டால் ‘ஆண்டுக்கு 6 லட்சம் சம்பளம்’ என்ற பேச்சு ஊரெங்கும் பரவுகிறது. அந்த 6 லட்சம் சி.டி.சி., அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனம் போடும் மொத்தச் செலவுக் கணக்கு. வீட்டிலோ மாதம் 50,000 என்று வைத்துக்கொள்கிறார்கள். அதில் வேரியபிள் பே, அதாவது செயல்திறனைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும் தொகை, 10 சதவீதம் என்றால் மாதத்துக்கு 5,000 கழிந்தது. அடிப்படைச் சம்பளம் 25,000, அது முழுவதற்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்டும் நிறுவனம் என்றால் நிறுவனத்தின் பங்கு 3,000, ஊழியரின் பங்கு இன்னொரு 3,000. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், சுமார் 1,200. வரியும் காப்பீட்டுப் பிரீமியமும் பிடிப்பதற்கு முன்பே மிஞ்சுவது 37,800தான். நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக 5 ஆண்டு பணி முடிந்தால்தான் கிராஜுவிட்டி. மூன்றாம் ஆண்டில் விலகுபவருக்குச் சி.டி.சி.யில் காட்டிய அந்தத் தொகை கிடைக்காது.

முதல் பே ஸ்லிப் தரும் ஏமாற்றம் சில மாதங்களில் ஆறிவிடும். ஆறாமல் வளர்வது வாய்வார்த்தை பற்றிய மனக்குறை. ‘ஒரு வருஷத்தில் ஆன்சைட்’ (வெளிநாட்டுப் பணி), ‘கன்ஃபர்மேஷன் ஆனதும் ஹைக்’ (பணி உறுதியானதும் சம்பள உயர்வு) என்று நேர்காணலில் சொன்ன எச்.ஆர். அதிகாரி அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்தில் இருப்பார். புதிதாக வந்த மேலாளருக்கு அந்தப் பேச்சே தெரியாது. பெரும்பாலும் இதில் யாரும் திட்டமிட்டு ஏமாற்றுவதில்லை. சாத்தியம் என்று ஒருவர் சொன்னதை மற்றவர் உறுதி என்று எடுத்துக்கொண்டு, அதை நம்பிக் கடனும் வாங்கிவிடுகிறார்.

அமெரிக்க எம்.பி.ஏ. பட்டதாரிகளிடம் வேலையில் சேரும் சமயத்திலும் இரண்டு ஆண்டு கழித்தும் கேட்டு ராபின்சன், கிராட்ஸ், ரூசோ ஆகிய ஆய்வாளர்கள் 1994-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிறுவனத்துக்குத் தாங்கள் பட்ட கடமை குறைந்துவிட்டது, நிறுவனம் தங்களுக்குச் செய்ய வேண்டியது கூடிவிட்டது என்றே அந்த ஊழியர்கள் கருதினார்கள். இதை நன்றி மறந்த போக்கு என்று நிர்வாகங்கள் ஒதுக்கக் கூடாது. வேலை கற்றுக்கொண்ட பிறகு ஊழியரின் உழைப்புக்கு மதிப்பு உண்மையிலேயே கூடுகிறது. அப்போது பழைய வாக்கை அவர் கேட்பதில் என்ன தவறு?

நேர்காணலில் பேசியதை அன்றே எச்.ஆருக்கு மின்னஞ்சலில் எழுதி, ‘நான் புரிந்துகொண்டது சரியா?’ என்று கேட்டுப் பதில் வாங்க வேண்டும். வேரியபிள் பேயை யார் முடிவு செய்வார், கடந்த ஆண்டு எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், பணம் வரும் தேதியில் பணியில் இருந்தால்தான் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். மார்ச்சில் ஆண்டு முடிந்து ஜூனில் தொகை வரும் இடத்தில், மே மாதம் விலகியவர் முழு ஆண்டு உழைத்தும் அதை இழக்கிறார். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தை விடாமல் படியுங்கள். முன்பு வாய்மொழியாகப் பேசியது எதுவும் செல்லாது என்ற வரி பல கடிதங்களில் இருக்கிறது. அந்த வரி இருந்தால், முக்கியமான வாக்கைக் கையெழுத்திடும் முன்பே கடிதத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

நிறுவனங்கள் ஆண்டு அப்ரைசலில் (பணி மதிப்பீட்டில்) மதிப்பெண் போடுவதோடு நிறுத்திவிடுகின்றன. சேரும்போது சொன்னவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று அதே கூட்டத்தில் பேசினால் பாதி மனக்கசப்பு குறையும். வியாபாரம் படுத்ததால் ஹைக் இல்லை என்றால், அதை ஏப்ரலுக்கு முன்பே சொல்லிவிடலாம்.

கல்லூரிப் பிளேஸ்மென்ட் அலுவலகங்கள் சி.டி.சி.யோடு, மாதம் கையில் வரும் தொகையையும் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும்.