ஐஸ்பேக் வியர்க்கட்டும்

அன்புக் கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கூடலூர்ப் பக்கம் மழை விடவில்லை என்று பேப்பரில் பார்த்தேன். இரண்டு புதன்கிழமையாக உங்கள் மருத்துவ வண்டி நீ இல்லாமலே மேலே போனதாகத் தம்பி சொன்னான். அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

ஐஸ்பேக்கைப் பார்த்து எடு. வண்டி கிளம்புகிற அவசரத்தில் ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் தடுப்பூசி கொண்டு போகிற கேரியரில் அடுக்கிவிடாதே. மேசையில் பரப்பி வை. மேலே வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அப்புறம்தான் நாலும் உள்ளே போகலாம். நம்ம ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் ஆகிவிடும், உங்கள் குளிருக்கு நேரம் பிடிக்கும். அரை மணி முன்னதாகவே எழுந்துகொள். எல்லோரும் சூட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். பென்டா, டிடி, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எல்லாம் ஒரு தடவை உறைந்தால் போயிற்று. குப்பியில் ஒட்டியிருக்கிற நிறம் மாறும் அடையாளம், அந்த விவிஎம், சூட்டை மட்டும்தான் காட்டும். அதன் நடுச் சதுரம் வெளுப்பாகத்தானே இருக்கிறது என்று நம்பிவிடாதே.

உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஆட்டிப் பார். அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறைய வைத்து உருகவிடு. இரண்டையும் ஒரே கையில் பிடித்துப் பத்துப் பதினைந்து விநாடி ஆட்டி, மேசையில் வைத்துக் கவனி. சந்தேகப்பட்ட குப்பியிலும் மருந்து, உறைய வைத்ததில் படிகிற அதே வேகத்தில் அடியில் படிந்தால் அந்தக் குப்பி வேண்டாம்.

தட்டம்மை, ருபெல்லாவுக்கான எம்ஆர் ஊசி மருந்தைக் கலந்தால் நாலு மணி நேரம்தான். பாடிக்கு, அந்தப் பழங்குடிக் குடியிருப்புக்கு, நடந்து போய்ச் சேர்ந்த பிறகு கலக்கு, கலந்த நேரத்தைக் குப்பிமேலேயே எழுது. மீந்ததைச் சாயங்காலத்துக்கு வைக்காதே. அதில் கிருமி வளர்ந்து பிள்ளைகள் செத்திருக்கிறார்கள்.

நீ சிக்கிள் செல் என்கிற பரம்பரை ரத்த நோய்க்குப் பரிசோதனை பார்க்கிறாய் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2023 ஜூலையில் தேசியத் திட்டமாக அறிவித்த பிறகு பரிசோதனை பெருகியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் ரத்தத்தை மருந்தில் விட்டுப் பார்க்கிற கலங்கல் டெஸ்டில் கலங்கினால் நோயா, சும்மா கடத்துகிறவரா என்று தெரியாது. ஆறு மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு அந்த டெஸ்டை நம்பவே முடியாது. ஹீமோகுளோபின் வகையைப் பிரித்துக் காட்டுகிற எலக்ட்ரோபோரசிஸ் முடிவு வராமல் தாயிடம் எதையும் சொல்லிவிடாதே. நோய் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்து அடுத்த புதன் வரை காத்திருக்க வைக்கக் கூடாது, அன்றைக்கே கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்கு. ரத்தம் குறைவு என்றதும் இரும்பு மாத்திரையை நீட்டாதே. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல், குளிரில் நனையவிடாதே என்று சொல். இவ்வளவு பேருக்குச் சொல்கிறவளுக்குப் பெற்றவளுக்கு ஒரு போன் போட ஐந்து நிமிஷம் இல்லை.

மறுபடியும் சொல்கிறேன், ஐஸ்பேக்.

1994-இல் பர்கூர் மலையில், நான் அடுக்கிய கேரியரில், கக்குவான் இருமலையும் தடுக்கிற டிபிடி ஊசிக் குப்பியின் ஓரத்தில் மெல்லிசாக ஐஸ் பிடித்திருந்தது. பதினோரு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். குப்பியை உள்ளங்கையில் உருட்டி உருக்கிப் போட்டுவிட்டேன். ரிஜிஸ்டரில் பதினொன்று என்று எழுதினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த மாதமே எல்லோருக்கும் மறுபடி போட்டிருக்கலாம். அந்தக் குக்கிராமத்துக்கு அப்புறம் எப்போது போனாலும், எந்தப் பிள்ளை இருமினாலும் எனக்கு வயிற்றைப் பிசையும். உன் அப்பாவுக்குக்கூட இது தெரியாது.

தம்பி சனிக்கிழமை பஸ் ஏறுகிறான். ஸ்வெட்டரும் முறுக்கும் கொடுத்தனுப்புகிறேன். எதுவாக இருந்தாலும் உங்கள் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு எனக்குப் போன் போடு. இல்லை, முதலில் எனக்குப் போடு.

அம்மா