டிசைனர் வருமுன் வீட்டில் பேசி வையுங்கள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று வாசித்ததும் மனதுக்கு ஆறுதலாக இருந்தது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் தட்டுப்பாடு இல்லை என்பதும் நல்ல செய்தி. இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது, பகலில் யன்னலைத் திறந்தால் வீடெல்லாம் புழுதி. பேத்தி இந்த வருடம் முதலாம் ஆண்டு. பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் பின்னேரம் வந்து எனக்குப் படிப்பிக்கிறாள்.

மகன் டொரொன்டோவில் இருந்துகொண்டே கொழும்பில் ஒரு இன்டீரியர் டிசைனரைப் பேசிவிட்டான், திருக்கோவில் வீட்டை ஹோட்டல் மாதிரி ஆக்கிப்போடுவார்களோ என்று எழுதியிருந்தாய். எங்கள் வீட்டு வேலை போன வருடம்தான் முடிந்தது. அதில் கண்டதையெல்லாம் ஆறுதலாக எழுதுகிறேன். பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வந்து இறங்குவதற்கு முன் நீயும் தங்கச்சியும் மகனும் பேசித் தீர்க்க வேண்டிய சில விசயங்கள் இருக்கின்றன.

முதல் நாளே கலர் அட்டையையும் படங்களையும் விரித்து வைப்பார் என்று நினைக்காதே. கெட்டிக்காரர் என்றால் முதலில் கேள்விதான் கேட்பார். எங்களிடம் வந்தவர் இளம் பிள்ளை. யார் எத்தனை மணிக்கு எழும்புவது, சாப்பாட்டை மேசையில் இருந்து சாப்பிடுவதா ரீவிக்கு முன்னாலா, உடுப்பு எங்கே காயப்போடுவது, மீன் எங்கே வெட்டுவது, மழைக்காலத்தில் நனைந்த குடையை எங்கே வைப்பது என்று ஒரு பின்னேரம் முழுக்கக் கேட்டு எழுதிக்கொண்டார். என் மனிசிக்கு அது பிடிக்கவில்லை. “குசினி கட்ட வந்த பிள்ளைக்கு நான் எழும்புகிற நேரம் என்னத்துக்கு?” என்றாள்.

பிறகு அந்தப் பிள்ளை அளவு நாடாவை எடுத்தார். கறி கிளறுவதுபோல அடுப்புக்கு முன்னால் நிற்கச் சொல்லி, நிலத்திலிருந்து மனிசியின் முழங்கை வரை அளந்தார். 38 அங்குலம். அதில் 5 அங்குலத்தைக் கழித்து, மேடை 33 அங்குலத்தில் வர வேண்டும் என்று எழுதினார். கடைகளில் செய்து வைத்திருக்கும் குசினிக்கான பான்ட்ரி கபேட்டுகள் பெரும்பாலும் 34 முதல் 36 அங்குலம் வரை உயரம். முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் தோளைத் தூக்காமல் வெட்டலாம், கிளறலாம். இப்போது இவள் தோள்மூட்டு நோகிறது என்று சொல்வதே இல்லை. தங்கச்சி இவளைவிடக் கட்டை, போதாததற்கு முழங்கால் வலியும் இருக்கிறது. அதனால் மேடையில் ஒரு துண்டை 29 அங்குலம் அளவுக்குப் பதித்து, கீழே அலுமாரி வைக்காமல் வெறுமையாக விடச் சொல்லிக் கேள். முக்காலி போட்டு இருந்துகொண்டே மரக்கறி வெட்டலாம். இதெல்லாம் நீங்கள் வாய்திறந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

உன் வீட்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு உன் வீட்டு ஹோலிலும் விறாந்தையிலும் எத்தனை பேர் பாய் விரித்துப் படுக்கிறோம்! கொழும்பில் இருக்கும் ஒருவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் ஹோலின் அளவைப் பார்த்து, சுவரோடு சுவராக ஒரு பெரிய எல் வடிவ சோபாவைப் போட்டுவிடுவார். படத்தில் வடிவாகத்தான் இருக்கும். தீர்த்தத்துக்கு வந்தவர்களைப் பிறகு எங்கே படுக்கவைப்பாய்? இரண்டு பேர் தூக்கி ஓரமாக வைக்கக்கூடிய கதிரைகள் வேண்டும், பாய் தலையணை அடுக்க ஒரு ஆழமான அலுமாரி வேண்டும், நுளம்பு வலை கட்டச் சுவரில் கொளுக்கி வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடு. அரிசி மூட்டை எங்கே, கேஸ் சிலிண்டர் எங்கே, தேங்காய் திருவுவது எங்கே, சாமி அறை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல். மீனும் நண்டும் துப்பரவாக்க எங்களுக்குப் பின்பக்கம் ஒரு வெளிக்குசினி இல்லாமல் சரிவராது. அதை இடிக்க விடாதே. உன் பின்பக்கக் கூரை பழைய அஸ்பெஸ்டஸ் என்று நினைவு. அப்படியென்றால் அதைத் தோன்றினபடி வெட்டவோ துளைபோடவோ விடக் கூடாது, அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது. கழற்றுவதென்றால் விசயம் தெரிந்தவர்கள் நனைத்து, உடைக்காமல் கழற்றட்டும்.

மச்சான், எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. காசு கொடுப்பவன் மகன், வீட்டில் இருக்கப்போவது நீங்கள் இரண்டு பேர், டிசைனர் கதைப்பது மகனோடு வாட்ஸ்அப்பில். அவர் ஒருநாள் மகனிடம் “சாம்பல் நிற டைல்ஸ் சரிதானே” என்று கேட்பார், அவன் ஓம் என்பான். அடுத்த நாள் தங்கச்சி மேசனிடம் வேறு நிறம் சொல்லுவாள். அங்கேதான் காசும் நேரமும் கரையும், மனத்தாங்கலும் வரும். அதனால் கடைசி முடிவை யார் சொல்வது என்று மூன்று பேரும் முதலே பேசுங்கள். என் எண்ணத்தில் குசினியும் படுக்கையறையும் தங்கச்சியின் சொல், மொத்தச் செலவு மகனின் சொல். டொரொன்டோவில் இப்போது இரவு 10 மணி என்றால் எங்களுக்குக் காலை 7.30. கிழமைக்கு ஒருமுறை அந்த நேரத்தில் நாலு பேரும் ஒரே அழைப்பில் கதையுங்கள். முடிவானதை டிசைனர் அன்றே எழுதி அனுப்பட்டும். மேசனுக்கும் மரவேலை ஓடாவிக்கும் நீங்கள் நேரே மாற்றம் சொல்லாமல் அவர் மூலமே சொல்லுங்கள்.

கூலி விசயத்தைக் கேட்கக் கூச்சப்படாதே. சிலர் முழு வேலைக்கும் ஒரு தொகை பேசுவார்கள், சிலர் சதுர அடிக்கு இவ்வளவு என்பார்கள், சிலர் மொத்தச் செலவில் ஒரு வீதம் கேட்பார்கள். வீதக் கணக்கு என்றால் செலவு கூடக்கூட அவருடைய கூலியும் கூடும், அதை யோசித்துக்கொள். கடைகளில் அவர் பொருள் எடுத்துத் தரும்போது விலைக்கழிவு கிடைக்கிறதா, அது யாருக்குச் சேர்கிறது என்றும் நேரே கேள். நேர்மையானவர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். எங்கள் டிசைனர் பிள்ளை கடைப் பற்றுச்சீட்டை அப்படியே எங்கள் கையில் தந்தார், கழிவு எங்களுக்கே வந்தது. கூறுவிலை தரும்போது 18 வீத வற் வரி சேர்த்தா சேர்க்காமலா, அந்த விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்று எழுதி வாங்கு. 2022 இல் சீமெந்தும் கம்பியும் ஆடிய ஆட்டம் உனக்கு மறந்திருக்காது.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் என்றாலும் எழுத்தில் இருக்கட்டும். வரைபடத்தை எத்தனை முறை மாற்றித் தருவார், கொழும்பிலிருந்து எத்தனை முறை வந்து பார்ப்பார், போக்குவரத்துச் செலவு யாருடையது, மேற்பார்வை அவருடைய வேலையா கொந்தராத்துக்காரருடையதா, இதெல்லாம் அதில் வர வேண்டும். இந்தத் தூரத்துக்குக் கடைசிக் கேள்வி முக்கியம். உங்கள் பக்கத்தில் அவருக்குப் பதிலாக நின்று பார்க்க ஒரு ஆள் இல்லாவிட்டால், படத்தில் உள்ளது ஒன்று, சுவரில் ஏறுவது வேறொன்று. மொத்தக் காசில் பத்துப் பதினைந்து வீதத்தைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பழைய வீட்டில் பூச்சைத் தட்டினால் உள்ளே என்ன இருக்கும் என்று தட்டிப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. ஹோலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுக்கலாம் என்று அவர் சொன்னால், ஒரு கட்டிட எஞ்சினியர் வந்து பார்த்துச் சொல்லும் வரை சுத்தியலைத் தூக்க விடாதே.

பிறகு கம்ப்யூட்டர் படங்கள் வரும். பார்த்ததும் மனம் மயங்கிவிடும், அவ்வளவு வடிவு. அதில் ஃபேன் இருக்காது, செருப்பு இருக்காது, தண்ணீர் வடிகட்டி இருக்காது, பிளக் ஒன்றுகூடத் தெரியாது. படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வேலைக்கான வரைபடத்தைக் கேள். பிளக் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் எவ்வளவு, லாச்சி முழுதாக இழுபடுமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஓடாவி வேலை செய்வதும் அதைப் பார்த்துத்தான். ஆள் நடக்கும் வழி மூன்று அடி அகலத்துக்குக் குறையக் கூடாது. குசினியில் இரண்டு பேர் நின்று சமைப்பதென்றால் நாலு அடி இருந்தால் இடிபடாது. எங்கள் வீட்டில் சோக்குக் கட்டியால் நிலத்தில் கோடு போட்டு, கட்டில் இங்கே, மேசை இங்கே என்று நடந்து பார்த்தோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

பொருள் விசயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. நீயும் நானும் கடற்கரை ஆட்கள். எங்கள் பக்கத்து வீட்டில் போன மாரிக்கு முன் எம்டிஎஃப் என்ற, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் பளபளவென்று பான்ட்ரி போட்டார்கள். மார்கழி முடிவதற்குள் சிங்க்குக்குக் கீழே உள்ள கதவின் அடி ஊறிப் பருத்து, பூச்சுத் தாள் சுருண்டுவிட்டது. பிணைச்சலெல்லாம் கறள். கதவைத் திறக்க நானும் உதவிக்குப் போனேன், கையோடு கழன்று வந்தது. நல்ல காசு கொடுத்துச் செய்தவர்கள், பார்க்கப் பாவமாக இருந்தது. ஈரம் படும் இடத்துக்கெல்லாம் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் அல்லது அலுமினியம் கேள். பிணைச்சல், கைபிடி, திருகாணிக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாவது வேண்டும். கடலைப் பார்த்த பக்கத்துக்கு 316 ரகம், அது உப்புக் காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும். மரத்தைச் சுவரில் ஒட்டி வைக்க முன் கறையானுக்கு மருந்து அடித்தார்களா என்று நீயே நின்று பார். பல்புக்கும் கெல்வின் என்று ஒரு அளவு உண்டு. 6500 என்று போட்டிருந்தால் வெள்ளை வெளேர் என்று ஆசுபத்திரி வெளிச்சம். ஹோலுக்கும் படுக்கையறைக்கும் 2700 அல்லது 3000 எடுத்தால் கண்ணுக்கு இதமான மஞ்சள். குசினிக்கு 4000 போதும். திரைச்சீலைக்குக் கொழும்புக் கடையைத் தேட வேண்டாம். மருதமுனைக் கைத்தறி உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நூலின் நிறத்தைச் சொல்லியே நெய்விக்கலாம்.

அவர் சொல்வதையும் காதுகொடுத்துக் கேள் மச்சான். எனக்கு ஹோல் முழுக்க ஜிப்சம் சீலிங் அடிக்க ஆசை. கூரை பதிந்துவிடும், கச்சான் வெக்கை தலைக்கு மேலேயே நிற்கும், ஃபேன் காற்றும் இறங்காது என்று எங்கள் டிசைனர் காரணம் சொல்லி மறுத்தார். கேட்டுக்கொண்டேன், இந்த வெயிலுக்கு அதன் அருமை தெரிகிறது. அப்பாவின் முதிரைக் கதவையும் அவர்தான் எறிய விடவில்லை. சுரண்டி, எண்ணெய் பூசி, சாமி அறைக்கு வைத்தார். கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் 33 ஆம் லேனில் நாலு சிறிய வீடுகளை ஒன்றாக்கித் தனக்கு வீடு செய்தபோது, பழைய வீடுகளிலிருந்து வந்த தூண்களையும் கதவுகளையும்தான் அங்கே நிறுத்தினார் என்று அந்தப் பிள்ளை சொன்னார். செட்டிநாட்டுத் தூண்கள்கூட இருக்கின்றனவாம். உன் வீட்டு விறாந்தைத் தூண்களையும் அம்மாவின் கட்டிலையும் எனக்கு நன்றாகத் தெரியும். எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிடு. அந்த விறாந்தையை மட்டும் கண்ணாடி போட்டு அடைக்க விடாதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

நாளைக் கணக்குப் போட்டுப் பார். வரைபடமும் தெரிவும் முடியவே மாதங்கள் போகும். ஐப்பசியில் மழை தொடங்கினால் சுவர் ஈரம் இழுக்கும். ஈரச் சுவரில் பெயின்ட் அடித்தால் கொப்பளித்து உரியும், மரமும் ஊதும். ஆவணிக்குள் உடைப்பு வேலை தொடங்க முடியாவிட்டால், மாரியை விட்டுவிட்டு மாசியில் தொடங்குங்கள். மகன் அவசரப்பட்டாலும் இதை எடுத்துச் சொல். வேலை நடக்கும்போது இரண்டு பேரும் தூசுக்குள் இருக்க வேண்டாம், இங்கே வந்து எங்களோடு இருங்கள். மேல் அறை வெறுமையாகத்தான் கிடக்கிறது.

கடைசித் தவணைக் காசில் பத்து வீதத்தையாவது பிடித்து வை. ஒவ்வொரு கதவாக, லாச்சியாக, பைப்பாகத் திறந்து மூடிப் பார்த்து, குறைகளை எழுதிக் கொடுத்து, அவையெல்லாம் திருத்தின பிறகு கொடுக்கலாம். இதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பிறகு வாய்த்தர்க்கம் வராது.

தீர்த்தத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், அளவு நாடாவும் கொண்டு வருகிறேன். அதற்கு முன் முதல் வரைபடம் வந்தால் படம் எடுத்து அனுப்பு. குசினிப் பக்கத்தை மனிசி பார்த்துச் சொல்லுவாள். தங்கச்சிக்கும் மகனுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்.