பூங்கா பெஞ்சு வாங்கும் உள்ளாட்சிப் பொறியாளர்களுக்கு

வணக்கம்.

எங்கள் ஊர்ப் பூங்காவில் பழைய பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்து செய்த பெஞ்சுகள் போட்டார்கள். மூன்றாவது கோடையில் நடுப்பலகை தூளி மாதிரித் தொய்ந்துவிட்டது. முனைகள் மழையில் ஊதிப்போய் திருகு நிற்கவில்லை. "குப்பையில் செய்தது வேறெப்படி இருக்கும்?" என்றார் பக்கத்தில் இருந்தவர். இதே பலகை செய்யும் ஆலையில் வேலை பார்த்தவன் நான். பழி குப்பைமேல் இல்லை, பக்குவத்தின்மேல்.

மரம் ஈரத்தை இழுக்கும். அதோடு கலக்கும் பிளாஸ்டிக்குகளான பாலிதீனும் பாலிபுரோப்பிலீனும் ஈரத்தை அண்டவிடாது. சும்மா உருக்கிக் கலந்தால் சோற்றில் கல் கிடப்பதுபோலத் தூள் ஒட்டாமல் கிடக்கும். ஒட்டவைக்க மலேயிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் ஏற்றிய பிளாஸ்டிக் 2 முதல் 5 சதவீதம் சேர்க்க வேண்டும். விலை அதிகம் என்பதால் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். சிலர் இதையும் போட்டுவிட்டு, பலகை வழுக்கிக்கொண்டு வெளியே வரட்டும் என்று ஜிங்க் ஸ்டியரேட் என்ற வழுக்குப்பொருளையும் கொட்டுவார்கள். அது அன்ஹைட்ரைடோடு வினைபுரிந்து ஒட்டுதலையே கெடுத்துவிடும். காசு கொடுத்து வாங்கியதைத் தாங்களே வீணாக்குகிற வேலை!

அப்புறம், தூளை நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் ஓரிரு சதவீதத்தைத் தாண்டினால் ஆவியாகிப் பலகைக்குள் பொத்தல் விழும். சூடும் 200 டிகிரிக்குள் நிற்க வேண்டும், இல்லையென்றால் மரம் கருகும். அதனால் 250 டிகிரிக்கு உருகும் பெட் பாட்டில் இதற்கு ஆகாது. பால் கவரும் எண்ணெய் கேனும் ஆகும், பிரித்து வந்தால்.

உங்கள் டெண்டரில் பெரும்பாலும் காய்ந்த பலகையின் வளைவு வலிமையை மட்டும் கேட்கிறீர்கள். புதிதாக இருக்கும்போது மட்டமான பலகையும் அதில் தேறிவிடக்கூடும். பலகையை அறுத்து, அறுத்த முனையோடு தண்ணீரில் ஊறப்போட்டுச் சோதியுங்கள். மேல்தோலில் பிளாஸ்டிக் அதிகம், தண்ணீர் நுழைவது அறுத்த இடத்திலும் திருகு ஓட்டையிலும்தான். வெயில் சூட்டில் எடையை வாரக்கணக்கில் ஏற்றி வைத்தும் பாருங்கள். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இந்தக் கலவை நாள்பட்ட சுமைக்கு மரத்தைவிட அதிகமாகத் தொய்யும்.

இந்தத் தொய்வைக் குறைக்க அதிகச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. தாங்குகால்களின் இடைவெளியைப் பாதியாக்கினால், நடுவில் அதே எடை உட்கார்ந்தாலும் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். எங்கள் பூங்காவுக்கு மறுபடி பெஞ்சு வாங்கும்போது ஒரு கால் கூடுதலாகவே கேளுங்கள்.

இப்படிக்கு,
பழைய பலகை ஆலைத் தொழிலாளி