விடுதிப் பள்ளி விண்ணப்பம் நான்காம் ஆண்டிலேயே தொடங்குகிறது: சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், புறப்பாடத் துணைத் தலைமையாசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் முழு விடுதிப் பள்ளி விண்ணப்பத்தையும் மாரா இளநிலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்தையும் பெற்றோருடன் உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பவர்கள் நாங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் தேர்வு எழுதுவதற்கு முன்பே கோப்பில் பின்தங்கிவிடுகிறார்கள். அந்தக் கோப்பில் பெரும்பகுதியை எழுதுவது பள்ளி. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறோம்.

விடுதிப் பள்ளி என்றதும் நம் பெற்றோர் கண்ணில் தெரிவது 1905இல் தொடங்கிய கோலகங்சார் மலாய்க் கல்லூரிதான். ‘அது நமக்கில்லை’ என்று பேச்சை அத்தோடு முடித்துவிடுகிறார்கள். விடுதிப் பள்ளி அது ஒன்று மட்டுமல்ல. மலேசியக் கல்வி அமைச்சின் முழு விடுதிப் பள்ளிகள் நாடு முழுக்க இருக்கின்றன. மாரா என்ற அரசு நிறுவனத்தின் கல்லூரிகள் 2002 முதல் 10 விழுக்காட்டு இடங்களைப் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாதாருக்கு ஒதுக்குகின்றன. இரண்டும் வேறு வேறு நிர்வாகம், வேறு வேறு விண்ணப்பம், வேறு வேறு தேர்வு. அமைச்சின் பள்ளிக்குப் பிகேஎஸ்கே என்ற நுழைவுத் தேர்வு, மாராவுக்கு யுகேகேஎம் என்ற நுழைவுத் தேர்வு. ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டு மற்றதும் தானாக வந்துசேரும் என்று காத்திருந்த குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. இரண்டின் கடைசி நாளையும் பள்ளி அறிவிப்புப் பலகையில் தனித்தனியாக ஒட்டுங்கள். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் பழைய நாட்காட்டியை நம்பி இருக்கவேண்டாம்.

1988 முதல் 2019 வரை ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் இருந்தவரை கணக்கு எளிது: எத்தனை ‘ஏ’ என்பதே பேச்சு. 2020இல் கோவிட் காரணமாக அந்தத் தேர்வு நடக்கவில்லை, 2021இல் அது கைவிடப்பட்டது. இன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி ஒரே தாளைப் பார்த்து முடிவு செய்வதில்லை. பிகேஎஸ்கே மதிப்பெண், புறப்பாடப் பதிவு, குடும்ப வருமானம், வீடு இருக்கும் இடம், விண்ணப்பதாரர் வரிசைப்படுத்திய பள்ளிகள் என எல்லாம் சேர்ந்து வருகின்றன. பிள்ளையை அவர் நேரில் பார்ப்பதில்லை. நீங்கள் பதிந்து அனுப்பிய பிள்ளையைத்தான் பார்க்கிறார்.

புறப்பாடத்திலிருந்தே தொடங்குகிறோம். நம் பள்ளிகள் அதிகம் இழப்பது அங்கேதான்.

பிஏஜேஎஸ்கே என்ற புறப்பாட மதிப்பீட்டுப் பதிவில் சீருடை இயக்கம், மன்றம், விளையாட்டு மூன்றுக்கும் தனித்தனிப் புள்ளி. ஒவ்வொன்றிலும் வருகை, பதவி, பங்கேற்ற நிலை, அடைவு, ஈடுபாடு, சேவை ஆகியவை கணக்கில் வரும். வருகைக்குப் பெரிய பங்கு உண்டு. அது திறமை கேட்காத புள்ளி, பிள்ளை வந்து நின்றாலே கிடைக்கவேண்டியது. ஆனால் அதுதான் முதலில் காணாமல் போகிறது. புதன்கிழமை நடவடிக்கை நடக்கிறது, பெயர் கூப்பிடுகிறார்கள், வருகைப் புத்தகம் நிரப்பப்படுவதில்லை. ஆண்டு இறுதியில் ஓர் ஆசிரியர் இரவு உட்கார்ந்து நினைவிலிருந்து எல்லாருக்கும் ஒரே எண்ணைப் போடுகிறார். ஒருநாளும் தவறாமல் வந்த பிள்ளைக்கும் பாதி நாள் வராத பிள்ளைக்கும் ஒரே புள்ளி. பதிவுக்காலம் மூடியபிறகு எந்தப் பெற்றோர் வந்து கேட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது பதவி. சிறிய பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளையே சாரணர் தலைவர், கணித மன்றத் தலைவர், பூப்பந்துக் குழுத் தலைவர். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் வெறும் உறுப்பினர் என்ற பெயர்தான். செயலாளர், பொருளாளர், செயலவை உறுப்பினர் எல்லாமே பதவிகள், எல்லாவற்றுக்கும் வேலை இருக்கிறது. வருகைப் புத்தகத்தைச் செயலாளர் கையில் கொடுத்து ஆசிரியர் கையெழுத்திட்டால், மேலே சொன்ன குறையும் பாதி தீரும்.

மூன்றாவது, நிலை. மாவட்டப் போட்டியில் ஓடிய பிள்ளைக்குப் பள்ளி நிலை என்றே பதிவாகியிருப்பதைப் பல கோப்புகளில் பார்க்கலாம். மாவட்ட விளையாட்டு மன்றத்திலிருந்து வந்த கடிதம் அலுவலகத்தில் கிடக்கும், பதிவு செய்யும் ஆசிரியர் கைக்குப் போயிருக்காது. பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஒவ்வொரு படிக்கும் புள்ளி ஏறுகிறது. ஒரு படி தவறாகப் பதிந்தால் பிள்ளை ஓடிய ஓட்டத்தில் பாதி வீண்.

நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேல் 150 மாணவருக்குக் குறைந்தவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தபிறகு, நம் சுற்றுவட்டாரத்திலும் பிள்ளைகள் குறைந்துவிட்ட பள்ளிகள் பல. இத்தனை சிறிய பள்ளியில் ஓர் ஆசிரியர் நான்கு பொறுப்புகளைச் சுமக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறோம்: 11 பேர் வேண்டிய காற்பந்தை வைத்துக்கொண்டு, குழு சேராமல் மாவட்டப் போட்டிக்கே போகாமல் இருப்பதைவிட, சதுரங்கம், மேசைப்பந்து, பூப்பந்து, திடல்தடம் என்று ஓரிருவரே போகக்கூடிய விளையாட்டை எடுங்கள். 40 பிள்ளைகள் உள்ள பள்ளியும் மாவட்டச் சதுரங்கப் பலகையின் முன் ஒரு பிள்ளையை உட்காரவைக்க முடியும்.

செய்யாததைச் செய்ததாகப் பதியுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டோம். செய்ததை முழுதாகப் பதியுங்கள் என்றுதான் மன்றாடுகிறோம். நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் கட்டங்கள் காலியாக இருக்கும் கோப்பை ஆறாம் ஆண்டில் யாராலும் சரிசெய்ய முடியாது. செகாக் உடற்தகுதிச் சோதனையும் அப்படித்தான். ஆண்டுக்கு இருமுறை மூன்று நிமிடம் பலகை ஏறி இறங்குவது, கை ஊன்றி எழுவது, வயிற்றுப் பயிற்சி, உட்கார்ந்து கை நீட்டுவது எல்லாம் நடக்கின்றன. ஒருமுறை எண் விடுபட்டால் அந்தப் பிள்ளைக்கு அந்தத் தவணையே இல்லை என்றாகிவிடும்.

இனிச் சான்றிதழ்கள். உங்கள் மாணவர் ஒருவரின் கோப்பிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று லேமினேட் செய்திருக்கும். மேலே ‘பாராட்டுச் சான்றிதழ்’, நடுவில் கோவில் கோபுரப் படம், பிள்ளையின் பெயர் பேனாவால், அதுவும் வீட்டில் கூப்பிடும் பெயர். திருக்குறள் போட்டி, இரண்டாம் பரிசு. எந்த நாள்? இல்லை. எத்தனை பள்ளிகள் கலந்துகொண்டன? இல்லை. பள்ளி நிலையா, மாவட்ட நிலையா? இல்லை. முழுக்கத் தமிழில் இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவர் தேர்ந்தெடுப்பவர்களில் இருப்பார் என்ற உறுதியும் இல்லை. அந்தப் பிள்ளை நூறு குறள் மனப்பாடம் செய்திருப்பாள். தாளில் அதன் சுவடே இல்லை.

போட்டி நடத்தும் கோவில் நிர்வாகத்துக்கும் இயக்கங்களுக்கும் நீங்கள் ஒரே ஒரு கடிதம் எழுதினால் போதும். தமிழுக்குக் கீழே மலாயிலும் ஒரு வரி, பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடி பெயர், தேதி, இடம், நிலை, நடத்தியவர் முத்திரை: இந்த ஆறும் இருந்தால் அது ஆவணம்.

பிகேஎஸ்கே தேர்வில் மூன்று பகுதிகள்: ஆளுமை, அறிவுத்திறன், எழுத்து. அறிவுத்திறன் பகுதிக்குப் பயிற்சி நூல்களைக் கடைகளில் வாங்குகிறார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆளுமைப் பகுதியில் நம் பிள்ளைகள் செய்யும் தவறு, ‘நல்ல பிள்ளை’ பதிலைத் தேடுவது. எல்லாவற்றுக்கும் ‘மிகவும் ஒப்புகிறேன்’ என்று அழுத்திக்கொண்டே போவார்கள். இத்தகைய சோதனைகளில் ஒரே கேள்வியை வேறு சொற்களில் திரும்பக் கேட்பது வழக்கம். அங்கே பதில் முரண்பட்டால் முழுப் பகுதியின் நம்பகமே குறையும். உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு வேறு தயாரிப்பு வேண்டாம். ஆனால் அதில் வரும் மலாய்ச் சொற்களின் பொருள் தெரிந்திருக்கவேண்டும். அதற்கு வகுப்பில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

எழுத்துப் பகுதிதான் எங்கள் மனத்தை வருத்துகிறது. ‘பாடா எரா குளோபாலிசாசி இனி’ (இந்த உலகமயமாக்கல் காலத்தில்) என்று தொடங்கும் கட்டுரையை எத்தனை பிள்ளைகள் மனப்பாடமாக எழுதுகிறார்கள்! தலைப்பு ஆறு மாசுபாடாக இருந்தாலும் நட்பாக இருந்தாலும் முதல் வரி அதுவே. ஒருநாளில் நூற்றுக்கணக்கில் படிப்பவருக்கு அந்த வரி எதையும் சொல்வதில்லை. அதே பிள்ளையிடம் தமிழில் கேட்டுப் பாருங்கள்: ‘லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் மழை வந்தால் செம்பனை மட்டை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஏறி ஆயா வீட்டுக் கோழிக்கூண்டு வரைக்கும் வரும். மட்டையை வாரம் ஒருமுறை எடுத்தால் ஏறாது.’ காரணம், விளைவு, தீர்வு மூன்றும் இதில் இருக்கின்றன. இதை எளிய மலாயில் ஐந்து வாக்கியமாக எழுதப் பழக்குங்கள். அலங்காரச் சொல் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று: தேர்வு இணையவழி. கைப்பேசியில் இரு பெருவிரலால் தட்டிப் பழகிய பிள்ளை விசைப்பலகையில் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு நிமிடம் எடுக்கிறது. கணினி அறையில் வாரம் மூன்று நாள், கால்மணி நேரம், எட்டு வாரம் தட்டச்சு செய்தாலே வேகம் வரும். நான்கு கணினிதான் இயங்குகிறதென்றால் முறைவைத்து உட்காரவையுங்கள்.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஆனால் இங்கே நடக்கும் பிழைகள் கொடுமையானவை. பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதவேண்டும். ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்), தந்தை பெயரின் எழுத்துக்கூட்டல் எல்லாம் அதில் அடங்கும். லெட்சுமி ஓரிடத்தில், லட்சுமி ஓரிடத்தில் என்றிருந்தால் அது இரண்டு ஆள். வருமானமும் அப்படித்தான்: பிள்ளை முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது எழுதிய தொகை பள்ளித் தரவில் அப்படியே கிடக்கும். குறைந்தபட்ச ஊதியம் 2022இல் 1,500 ரிங்கிட், 2025இல் 1,700 ரிங்கிட் என்று மாறியதால் விண்ணப்பத்தில் வேறு எண் வரும். ஆண்டுத் தொடக்கத்திலேயே தரவைப் புதுப்பியுங்கள். தோட்ட வேலையில் மாதத்துக்கு மாதம் சம்பளம் ஏறி இறங்குவதால் மூன்று மாதச் சம்பளச் சீட்டைப் பெற்றோர் எடுத்து வைக்கட்டும். சீட்டு இல்லாமல் நாள்கூலிக்குப் போகிறவர்கள் வட்டாரத் தலைவரான பெங்ஹுலுவிடம் வருமான உறுதிக் கடிதம் வாங்கக் கடைசி வாரம்வரை காத்திருக்கக்கூடாது.

தொலைபேசி எண்ணைக் குறித்து எச்சரிக்கிறோம். ப்ரீபெய்ட் எண்ணில் பணம் போடாமல் விட்டால் அது செத்துவிடும். மின்னஞ்சலைச் சைபர் கடைக்காரர் திறந்து கொடுத்திருப்பார், கடவுச்சொல் அவரிடமே இருக்கும். இடம் கிடைத்த பிள்ளை, குறித்த நாளுக்குள் ஏற்பைப் பதிவு செய்யாததால் இழந்தது உண்டு. பள்ளி அலுவலகத்தில் ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு விண்ணப்பதாரரின் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கட்டும்.

பெற்றோர் கேட்கும் ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்: ‘அங்கே தமிழ் படிக்க முடியுமா?’ 1996 கல்விச் சட்டப்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்யவேண்டும். நம் பிள்ளைகள் மூன்று பேரே இருக்கும் விடுதிப் பள்ளியில் அந்த எண் சேராது. இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் தமிழைத் தனியாகப் படித்து எழுதவேண்டி வரலாம். இதை முன்பே சொன்னால் பெற்றோர் யோசித்து முடிவு செய்வார்கள். பின்னால் தெரிந்து பாதியில் திரும்பும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இழப்பு.

இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு நான்காம் படிவத்தில் (இடைநிலைப் பள்ளியின் நான்காம் ஆண்டில்) இன்னொரு வாசல் இருக்கிறது. மூன்றாம் படிவத்துக்கும் பிகேஎஸ்கே உண்டு, மாராவும் அப்போது சேர்க்கிறது, சுங்கை பெசியில் உள்ள அரச இராணுவக் கல்லூரி எல்லா இனத்துப் பையன்களையும் நான்காம் படிவத்தில் எடுக்கிறது. உங்கள் பழைய மாணவர்களின் எண்களை வைத்திருந்து அந்த நேரத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள்.

இந்தத் தவணை முடிவதற்குள் நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரின் புறப்பாடப் பதிவையும் அச்செடுத்து வீட்டுக்கு அனுப்பிப் பெற்றோர் கையெழுத்து வாங்கும்படிக் கேட்டுக்கொள்கிறோம். எந்தக் கட்டம் காலி என்று அவர்களே சொல்வார்கள். திருத்துவதற்கும் நாள் இருக்கும். அச்செடுக்கத் தாள் செலவு தடையாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
விண்ணப்பம் நிரப்ப உதவும் தன்னார்வலர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.