காலியாக வராத சாப்பாட்டு டப்பா

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முதலில் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தொடக்க வகுப்புகளில் மதியச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் முடிக்கும் குழந்தைக்கு நட்சத்திர ஸ்டிக்கர் தரும் வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். சென்ற மாதம் ஒருநாள், முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் டப்பாவைக் குப்பைக் கூடையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "காலியாக இருந்தால்தான் ஸ்டார் கிடைக்கும்" என்றாள். நான் வைத்த விதியை அவள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தாள். ஸ்டிக்கர் தாள்களை அன்றே மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன்.

பிறகு, நீங்கள் டைரியில் எழுதி அனுப்பும் குறிப்புகளை எடுத்துப் படித்தேன். 'முழுவதும் சாப்பிட வையுங்கள்', 'காய்கறியைத் தொடுவதே இல்லை, கொஞ்சம் கண்டியுங்கள்' என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. கவலை புரிகிறது. ஆனால் எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தையிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, எதைச் சாப்பிடுவது என்பதை அதன் விருப்பத்துக்கு விட்டுவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. இது தலைகீழாக இருக்க வேண்டும்.

1920-களில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஒரு சோதனை நடத்தினார். தாய்ப்பாலை அப்போதுதான் நிறுத்திய குழந்தைகளின் முன்னால் விதவிதமான உணவுகளை வைத்து, எதை எடுப்பது, எவ்வளவு தின்பது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டார். செவிலியர் ஊட்டலாம், ஆனால் குழந்தை கை நீட்டிய பிறகுதான். கெஞ்சக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. ஓர் இரவு முட்டைகளும் வாழைப்பழமும் பாலும் மட்டும் என்று குழந்தைகள் விசித்திரமாகத்தான் சாப்பிட்டார்கள். ஆனாலும் நன்றாக வளர்ந்தார்கள். (இன்று அப்படியொரு சோதனைக்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.) சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் இருந்தது என்று பின்னாளில் டேவிஸே சொன்னார். முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகள் கொண்ட அந்தப் பட்டியலில் காய், கனி, தானியம், பால், முட்டை, இறைச்சி எல்லாம் இருந்தன. சர்க்கரை சேர்த்த பண்டம் ஒன்றுகூட இல்லை. தவறாகத் தேர்ந்தெடுக்க அந்தக் குழந்தைகளுக்கு வழியே இருக்கவில்லை.

ஆகவே உங்கள் வேலை பட்டியல் போடுவது. அதை அடுப்படியில் அல்ல, கடையிலேயே முடித்துவிட வேண்டும். வீட்டுக்குள் வந்துவிட்ட பிஸ்கட் பொட்டலத்தோடு தினமும் மல்லுக்கு நிற்க யாராலும் முடியாது; என்னாலும் முடிந்ததில்லை. பொட்டலத்தின் முன்பக்கத்தில் 'இயற்கை' என்று எழுதியிருந்தால் உடனே திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும்படிதான் சேர்பொருள்களை வரிசைப்படுத்துவார்கள். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ் என்று மூன்று பெயர்களில் பிரிந்து கீழே நிற்பது எல்லாம் சர்க்கரையின் சொந்தக்காரர்களே.

சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், முடிந்தால் 5 சதவீதத்துக்கும் கீழே என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. நாளுக்கு 1,400 கலோரி தேவைப்படும் சிறு குழந்தைக்கு 10 சதவீதம் என்றால் 35 கிராம். 330 மில்லி கோலா டின் ஒன்றில் கிட்டத்தட்ட அவ்வளவும் இருக்கிறது. தேனும் பழச்சாறும்கூட இந்தக் கணக்கில் வரும். முழுப் பழம் வராது. பழச்சாற்றைப் பழத்துக்குச் சமமாக நினைத்து அனுப்புபவர்கள், பழத்தையே அனுப்பிவிடுங்கள். பிழியும் வேலையும் மிச்சம்.

சமையலுக்கு வருகிறேன். குழந்தைக்குத் தனியாகச் சமைக்காதீர்கள். பெரியவர்களுக்குச் சமைக்கும் அதே பாத்திரத்தில், உப்பும் காரமும் முழுதாகச் சேர்ப்பதற்கு முன் குழந்தையின் பங்கை எடுத்துவைத்தால் போதும். காயை நிறைய தண்ணீரில் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் வைட்டமின் சி-யில் கணிசமான பங்கு அதோடு போய்விடும். ஆவியில் வேகவைக்கலாம், அல்லது கொஞ்சம் நீரில் மூடிவைத்து வேகவிடலாம். கேரட்டைச் சிறிது எண்ணெயில் வதக்குங்கள். அதிலுள்ள பீட்டா கரோட்டினை, அதாவது உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்தை, உடல் எடுத்துக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடலில் சேராது. எலுமிச்சை பிழிந்தாலோ தக்காளி சேர்த்தாலோ கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் குறையும்.

இயற்கையானது என்பதற்காக எல்லாவற்றையும் நம்பிவிடவும் வேண்டாம். ராஜ்மாவில் உள்ள நச்சுப் புரதம், சரியாக வேகாவிட்டால் வாந்தியை வரவழைக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்டு, அதன் பிறகு மெத்தென்று வேகும்வரை சமைக்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத தம்பி தங்கை வீட்டில் இருந்தால், அவர்களுக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கொட்டைப் பருப்புகள் தொண்டையில் அடைக்கும், பொடித்துக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கி அனுப்புங்கள். இது மட்டும் வேண்டுகோள் அல்ல, மழலையர் வகுப்புகளுக்கு விதி.

புதிய காய் ஒன்றைக் குழந்தை ஒதுக்கினால் பெரிதுபடுத்தாதீர்கள். பிடித்துப்போகப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். நம்மில் பெரும்பாலோர் மூன்றாவது முறையே 'இவனுக்கு இது ஆகாது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு துண்டு வையுங்கள். தின்றாலும் தின்னாவிட்டாலும் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். 'இதைத் தின்றால் இனிப்பு' என்ற பேரம் வேண்டவே வேண்டாம். காய் தண்டனை, இனிப்புதான் பரிசு என்று நாமே கற்றுக்கொடுப்பதாக ஆகிவிடும். ஸ்டிக்கர் கொடுத்தவள் சொல்கிறேன். பட்டாணி உரிக்கவும் கீரை ஆயவும் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியும். நேரம் இரட்டிப்பாகும், சமையலறையும் அலங்கோலமாகும். விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் திங்கள் முதல் மிச்சமான உணவு டப்பாவிலேயே வீட்டுக்கு வரும். ஆசிரியர்கள் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், பாராட்டவும் மாட்டார்கள். எது எவ்வளவு மிச்சம் வருகிறது என்று இரண்டு வாரம் பாருங்கள். தொடர்ந்து எல்லாமே திரும்பி வந்தாலோ, குழந்தை மெலிந்தாலோ என்னிடம் வாருங்கள், மருத்துவரையும் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. சாப்பாட்டு நேரத்தில் இந்த வாரம் முழுவதும் வகுப்பு வகுப்பாக நடந்து பார்த்தேன். முழுதாகத் திரும்பிப் போகும் சாப்பாட்டில் ஒரு பங்கு, பிடிக்காததால் போவதல்ல. மூடி இறுக்கமாக இருந்தது, ஆரஞ்சை உரிக்கத் தெரியவில்லை, கேட்கவும் வெட்கம். டப்பாவை அனுப்பும் முன், உங்கள் குழந்தை தானாக அதைத் திறந்து காட்டட்டும். ஆரஞ்சைச் சுளையாக அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்