பனி போட்டோவோட ஜன்னல் இடுக்கு பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஊட்டி காந்தல்ல குடியிருக்கேன், கல்யாணம் ஆகி இங்க வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. டிசம்பர் பொறந்தா பேப்பர்ல ஊட்டிக்கு பக்கத்துல இருக்குற தலைகுந்தா புல்வெளி உப்பு கொட்டுன மாதிரி வெள்ளையா கிடக்குற போட்டோ வந்துடும், பாக்க எங்களுக்கும் ஆசையாத்தான் இருக்கு, ஆனா அந்த பனி விழுற ராத்திரில வாடகை வீட்டுக்குள்ள கைக்குழந்தையையும் வயசானவங்களையும் வச்சுக்கிட்டு எப்படி தூங்குறாங்கன்னு யாரும் எழுதி நான் பாக்கல, அதான் நானே எழுதுறேன்.

குளிர்னா எல்லாரும் முதல்ல ஹீட்டர் வாங்கத்தான் ஓடுறாங்க. நாங்களும் ஓடுனோம். கரண்ட் பில்லு ஏறுச்சே தவிர ரூம் சூடாகல. அப்புறம்தான் பையன் ஸ்கேல் எடுத்து வாசக்கதவுக்கு அடில அளந்தான், சுண்டுவிரல் நுழையுற இடுக்கு, 12 மில்லிமீட்டர் இருந்துச்சு. கதவு அகலம் 90 சென்டிமீட்டர். கணக்கு போட்டா சுவத்துல பத்துக்குப் பத்து சென்டிமீட்டர்ல ஒரு ஓட்டை போட்டு விடிய விடிய திறந்து வச்சதுக்கு சமம்! வெண்டிலேட்டர் வழியா சூடான காத்து மேல போயிடுது, அந்த இடத்துக்கு கீழ இருந்து பனிக்காத்து உள்ள வந்துக்கிட்டே இருக்கு.

அந்த இடுக்கு வந்ததே எங்க தப்பாலதான். ஜூலை மழைல மரம் ஊறி கதவு சாத்த முடியாம இறுக்குச்சு, ஆசாரிய கூப்பிட்டு அடியையும் பக்கத்தையும் நல்லா இழைக்க சொன்னோம், அவரும் இழைச்சு குடுத்துட்டாரு. ஜனவரி காஞ்ச குளிர்ல மரம் சுருங்குனதும் கதவு நிலைய விட்டு விலகி நிக்குது. மழைக்காலத்துல தயவுசெஞ்சு கதவ இழைக்காதீங்க, மெழுகுவர்த்திய தேய்ச்சு ரெண்டு மாசம் ஓட்டுங்க, மரம் காஞ்சப்புறம் பாத்துக்கலாம்.

எங்கெங்க காத்து வருதுன்னு கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். ஃபேன் இல்லாம, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு, ஜன்னல் சட்டத்த ஒட்டி மெதுவா கொண்டு போனா ஓட்டை இருக்குற இடத்துல புகை சட்டுனு உள்பக்கமா வளையும். எங்க வீட்ல கண்ணாடிய சட்டத்தோட புடிச்சிருக்குற பட்டி (மாவு மாதிரி அப்புற பூச்சு) காஞ்சு உதிர்ந்த இடத்துலயும், கொக்கி மாட்டியும் முழுசா மூடாத ஜன்னல் பலகையிலயும் புகை வளைஞ்சுது. உதிர்ந்த இடத்துக்கு புது பட்டி வச்சோம், பலகை வந்து உக்கார்ற சட்டத்துல தூசி துடைச்சுட்டு ஃபோம் டேப் ஒட்டுனோம், கதவு அடிக்கு பழைய புடவைய நீளப் பை மாதிரி தச்சு மணல் நிரப்பி வச்சோம். அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் வச்சிருக்கவங்க ரெண்டு பக்கமும் சேர்ற இடத்துல கம்பளி மாதிரி ஒரு பட்டை இருக்கும் பாருங்க, அது தேஞ்சா மாத்திடுங்க. திரை கனமா, ஜன்னல் திட்ட தொடுற மாதிரி இருக்கணும், பகல்ல வெயில் விழுறப்ப திறந்துவிட்டு நாலு மணிக்கெல்லாம் இழுத்து மூடிடணும்.

இவ்வளவும் சொல்லிட்டு இத சொல்லாம விட்டா பாவம். இடுக்கெல்லாம் அடைச்ச ரூமுக்குள்ள கரி அடுப்பு வைக்கவே வைக்காதீங்க. வெளிய வச்சு புகை அடங்குனதும், கனல் ஆயிடுச்சு இனி ஒண்ணும் பண்ணாதுன்னு உள்ள எடுத்துட்டு வர்றாங்க. அந்த கனல்ல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்குற விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, தூங்குறவங்களுக்கு தெரியவே தெரியாது. எங்க அத்தை ரூம்லயும் ஒருநாள் இரும்புச் சட்டில கனல் வச்சிருந்தோம், நடுராத்திரி பாத்ரூம் போக எழுந்தவங்க தலைய புடிச்சுக்கிட்டு அப்படியே சுவத்துல சாஞ்சுட்டாங்க. கதவ திறந்து வெளிய கூட்டிட்டு வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். அன்னிக்கு அவங்க எழுந்திருக்கலன்னா நினைக்கவே நெஞ்சு பதறுது. ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் சுத்திப் பாக்க வந்தவங்க இப்படி செத்துப் போன செய்தி பேப்பர்ல எத்தனையோ தடவ வந்திருக்கு. இதே காரணத்துக்காக கேஸ் கீசர் இருக்குற பாத்ரூம் வெண்டிலேட்டரையும் அட்டை வச்சு அடைக்காதீங்க. மத்த ரூமையும் மத்தியானம் பத்து நிமிஷம் திறந்து விடுங்க, இல்லன்னா கண்ணாடில தண்ணி கோத்து சுவரெல்லாம் பூஞ்சை புடிச்சுடும்.

பொட்டானிக்கல் கார்டனுக்கு மேல இருக்குற மந்துக்கு, அதாவது தோடர் பழங்குடிங்க குடியிருப்புக்கு, போனவங்க அந்த வீட்டு வாசல பாத்திருப்பீங்க. குனிஞ்சு தவழ்ந்துதான் போகணும், மூணடி உயரம் இருந்தாலே அதிகம், ஜன்னலும் கிடையாது. இந்த மலைக் குளிர அவ்வளவு தெரிஞ்சு கட்டியிருக்காங்க. இப்ப இங்க கட்டுற பல வீடுகள் கோயம்புத்தூர் வெக்கைக்கு கட்டுற மாதிரி பெரிய ஜன்னல், ஓட்டை ஓட்டையா சிமெண்ட் ஜாலி வெண்டிலேட்டர்னு வருது. வீட்டு ஓனர்கள் அந்த ஜாலிக்கு உள்பக்கம் திறந்து மூடுற மாதிரி ஒரு கண்ணாடி போட்டுக் குடுத்தா பெரிய புண்ணியம், வாடகைக்கு இருக்கவங்க சுவத்துல ஆணி அடிக்கக்கூட உங்ககிட்டதான் கேக்கணும். நீங்களும் அடுத்த தடவ பனி போட்டோ போடுறப்ப அதுக்குப் பக்கத்துலயே அந்தக் கரி அடுப்பு விஷயத்த பெரிய எழுத்துல போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காந்தல், ஊட்டி.