குறள் அட்டை எழுதித் தருவாயா?

கோத்தகிரி,
தை 11

அன்புள்ள மங்கை,

பொங்கல் வாழ்த்துக்குப் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். தாராளமாகக் கோபித்துக்கொள், ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு. உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்கு முழங்கால் வலி, வழக்கம்போல. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, அதுவும் வழக்கம்போல. ராஜாமணி மறுபடியும் சீட்டு ஆரம்பித்திருக்கிறாள். நான் சேரவில்லை, நீயும் சேர்ந்துவிடாதே.

நந்தினியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நர்சிங் முடித்துவிட்டு ஜப்பானிய மொழி படிக்கிறாள் என்றதும், "அங்கே போய் யாருக்கு ஊசி போடப் போகிறாள்?" என்று கேட்டாயே, ஊசி இல்லை, முதியோர் பராமரிப்பு. வெளிநாட்டுப் பணியாளர்களுக்காக 2019-இல் ஜப்பான் ஒரு புது விசா கொண்டுவந்தது. 2021-இல் இந்தியாவோடும் ஒப்பந்தம் ஆயிற்று. மொழித் தேர்வில் கீழிருந்து இரண்டாவதான என்-4 நிலையாவது, அதற்கு ஈடான வேறு தேர்வாவது தேறியிருக்க வேண்டும். டிசம்பரில் மேட்டுப்பாளையம் போய் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னையில் எழுதிவிட்டு வந்தாள். முடிவு எந்த நாளும் வரலாம். அண்ணி காமாட்சி விளக்கை அணைய விடுவதில்லை.

அந்தத் தேர்வைப் பற்றித்தான் என் எரிச்சல். 1984-இலிருந்து நடக்கிறது, 2010-இல் ஐந்து நிலைகளாகவும் மாற்றினார்கள். ஆனால் இன்றுவரை பேச்சுத் தேர்வு என்று ஒன்று அதில் கிடையாது. கொடுத்த விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். மொத்தம் 180 மதிப்பெண். பிரிவு வாரியாகக் கேட்கும் குறைந்தபட்சத்தைத் தாண்டி 90 எடுத்துவிட்டால் தேர்ச்சி. வாயே திறக்க வேண்டாம்! எண்பத்தைந்து வயதுப் பாட்டியைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, கதை கேட்கப் போகிற பெண்ணுக்கு இப்படி ஒரு தேர்வு. இவள் படிக்கும் மையத்திலும் பழைய வினாத்தாளைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. கோவையில் ஜப்பானிய மொழி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டியும் விளையாட்டுகளும் வைத்திருக்கிறார்கள் என்று இவள் போய்ச் சொன்னால், "அதற்கெல்லாம் மார்க் இல்லையம்மா" என்று பதில். எனக்கு வந்த கோபத்தில் நானே அழைத்துக்கொண்டு போய்விட்டேன், பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை.

காலையில் பேச்சுப் போட்டி. பார்த்துப் படிக்கக் கூடாது. பேசி முடித்ததும் நடுவர்கள் ஜப்பானிய மொழியிலேயே கேள்வி கேட்கிறார்கள். மனப்பாடம் அங்கேதான் அம்பலமாகிறது. கணீரென்று முழங்கிய ஒரு பையன், "இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்ற கேள்விக்கு விழித்தான். தடுமாறித் தடுமாறிப் பேசிய ஒரு பெண்ணோ கேள்வி நேரத்தில் நடுவரையே சிரிக்க வைத்துவிட்டாள், பரிசும் அவளுக்குத்தான். உன் நினைவு வந்தது. "அவையோர்களே... அவையோர்களே..." பாக்கியம் டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்திராவிட்டால் நீ இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பாய்.

மத்தியானம் கருத்தா என்று ஒரு சீட்டு விளையாட்டு. மங்கை, அதிலிருந்துதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

ஃபுஜிவாரா நோ தெய்க்கா என்ற புலவர் 13-ஆம் நூற்றாண்டில் புலவருக்கு ஒன்றாக நூறு பாட்டுகளைத் தொகுத்தார். ஒவ்வொன்றும் முப்பத்தோரு அசை. முன்பாதியை ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார். பின்பாதி மட்டும் எழுதிய அட்டைகள் தரையில் கிடக்கும், எதிராளிக்கு முன்னால் சரியான அட்டையைத் தட்டி எடுக்க வேண்டும். போட்டி என்றால் இரண்டு பேர், ஆளுக்கு இருபத்தைந்து அட்டை. எது எங்கே இருக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொள்ளப் பதினைந்து நிமிடம். வாசிப்பதோ நூறையும், அதாவது பாதிப் பாட்டுகளுக்குத் தரையில் அட்டையே இருக்காது. அவசரப்பட்டுத் தப்பான பக்கத்தில் கை வைத்தால் எதிராளி தன் அட்டை ஒன்றை உன் தலையில் கட்டிவிடுவார். முதல் அசையைக் கேட்டதுமே எடுத்துவிடக்கூடிய பாட்டுகள் ஏழு இருக்கின்றன. சிலவற்றுக்கு ஆறாவது அசை வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஓத்சு நகரத்து ஓமி ஜிங்கு கோயிலில் இதற்குப் பட்டப் போட்டியே நடக்கிறது. நூறில் முதல் பாட்டு தென்ஜி பேரரசருடையது, அந்தக் கோயிலும் அவருக்குத்தான்.

நந்தினி ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் படுதோல்வி. முகம் சிவந்துபோயிற்று. ஆனால் அவனோடு ஆட்டம் முழுக்க ஜப்பானிய மொழியில் சண்டை போட்டாள்! வாயில் கொழுக்கட்டை வைத்திருந்த பெண், "நான்தான் முதலில் தொட்டேன்" என்று வாதாடுகிறாள். இப்போது வீட்டில் சப்பாத்தி மாவு பிசையும்போதும் "மு-சு-மெ-ஃபு-ச-ஹொ-செ" என்று அந்த ஏழு அசைகள்தான். அண்ணி ஏதோ சுலோகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

திரும்பி வரும்போது குஞ்சப்பனைக்கு மேலே பஸ் திணறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சொன்னாள்: "அத்தை, இந்த விசாவில் ஐந்து வருடம்தான் இருக்கலாம். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அங்கே அரசுத் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணினால்தான் அதற்கு மேல் தங்கலாம். அம்மாவிடம் சொல்லவில்லை." மாப்பிள்ளை பார்க்க வேண்டும், கடனை அடைக்க வேண்டும், அப்பாவுக்கு முழங்கால் என்று ஒவ்வொன்றாக அவளே அடுக்கினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல? அந்த ஒன்றரை ஏக்கரை நம்பி இங்கேயே இரு என்றா? அண்ணியிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு இப்போது என் தலையில். உனக்கு ஏதாவது வழி தோன்றினால் எழுது.

ஒன்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. அவள் பார்த்துக்கொள்ளப் போகிற கிழவிகள் பள்ளிக்கூடத்திலேயே இந்த நூறு பாட்டுகளைப் படித்தவர்களாக இருப்பார்கள். மார்க் இல்லாத இந்த விளையாட்டுதான் அங்கே அவளுக்குக் கைகொடுக்கும். மையத்துக்காரரிடம் இதைச் சொல்லலாமென்றால் அவர் போனையே எடுப்பதில்லை.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். இதையே குறளில் செய்தால் என்ன? முதல் அடியை வாசிப்பது, இரண்டாம் அடி அட்டையில். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி என் எட்டாம் வகுப்புக்கு முப்பது அட்டை செய்து பார்த்தேன். பின்பக்கத்தில் யார் யாருடைய பெயரோ, பொன்னிற எழுத்தில் "இருமனம் இணையும்" என்று கிடக்கிறது. வராந்தாவில் ரணகளம். ஒரு அட்டை பறந்து போய்ச் சத்துணவுச் சாம்பார் வாளியில் விழுந்தது. அதிசயம் என்னவென்றால், ஒப்புவித்தல் போட்டியில் வருடா வருடம் பரிசு வாங்குகிற பையன் தோற்றுப்போனான். அவனுக்கு அதிகாரத்தின் முதல் குறளிலிருந்து வரிசையாக ஓடினால்தான் ஏழாவது குறள் வாயில் வரும். நடுவில் பிடுங்கிக் கேட்டால் வராது.

எனக்கு நூறு குறள் வேண்டும், நீதான் பொறுக்க வேண்டும், உன் முத்து முத்தான கையெழுத்திலேயே வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பிரபலமானதையெல்லாம் பொறுக்காதே, காதுக்கு வேலை வைக்கிற மாதிரி பார். "அன்பி" என்றதும் கை எழும்பும், ஆனால் "அன்பிற்கும் உண்டோ"வா "அன்பிலார் எல்லாம்"மா என்று அடுத்த எழுத்து வரை பொறுக்க வேண்டும். அந்த மாதிரி ஜோடிகள் வேண்டும். "கற்க"வும் வேண்டும், பக்கத்திலேயே "கற்றதனால்", "கற்றிலன்" வேண்டும். ஒரு சிக்கல்: "எப்பொருள் எத்தன்மைத் தாயினும்", "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" இரண்டுக்கும் இரண்டாம் அடி ஒன்றேதான். இரண்டையும் வைத்து, எந்த அட்டையை எடுத்தாலும் சரி என்று விடுவதா, ஒன்றைக் கழித்துவிடுவதா? நந்தினி இரண்டும் இருக்கட்டும் என்கிறாள். எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை, தேர்தல் கூட்டணியாகத் தெரிகிறது. நீ சொல்வதுதான் தீர்ப்பு.

மாசி பிறப்பதற்குள் அனுப்பிவிடு, ஆண்டுவிழாவுக்கு முன் பிள்ளைகள் பழக வேண்டும். இன்னொன்று. அந்த ஜப்பானிய நூறில் நாற்பதுக்கும் மேல் காதல் பாட்டுகளாம். புத்தாண்டுக்கு வீட்டோடு உட்கார்ந்து பாட்டி முதல் பேரன் வரை விளையாடுகிறார்கள். நம் தலைமையாசிரியர் மூன்றாம் பாலின் பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்துகிற ஆள். உன் துணிச்சல் எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்: ஐந்தாறுக்கு மேல் வேண்டாம், அதையும் "கற்க"வுக்கும் "கற்றிலன்"னுக்கும் நடுவில் செருகி வை.

அன்புடன்,
சாரதா